கடைசிப் படகு

அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரக் கேளிக்கைப் பூங்காவில் படகுச் சவாரியை இடித்துவிட்டு வேறொன்று கட்டப் போகிறார்கள். கடைசி நாளன்று வாசலில் பதாகையும் கண்ணீருமாக நின்ற டார்லீனைப் பார்த்து மேலாளர் கர்ட்டிஸுக்கு மனம் இளகிவிட்டது.

“எத்தனை வருஷமா வர்றீங்கம்மா?”

“பன்னிரண்டு வருஷமா. ஒரு வருஷம்கூட விட்டதில்ல.”

“அழாதீங்க. கடைசிப் படகுல முதல் சீட்டு உங்களுக்குத்தான், வாங்க!”

டார்லீன் பதறிப் பின்வாங்கினாள். “ஐயையோ, எனக்குத் தலை சுத்தும்! நான் ஒரு தடவைகூட அதுல ஏறினதில்ல.”

கர்ட்டிஸ் விழித்தார். “பின்ன எதுக்கு இந்த அழுகை?”

“வீட்டுக்காரரும் நாலு பிள்ளைங்களும் இதுக்காக ரெண்டு மணி நேரம் வரிசையில நிப்பாங்க. வருஷத்துலயே நான் தனியா உக்காந்து காபி குடிக்கிறது அப்பதான். புதுசா கட்டப் போறதுல போன்லயே நேரம் குறிச்சுக்கலாமாம், வரிசையே கிடையாதாமே, பாவி மனுஷா!”