தெரிந்த முகங்கள்

கைப்பேசிப் படங்களில் இருக்கும் முகங்களை எடுத்து எதிரிகளுக்கு மாட்டிவிடும் அந்த வீடியோ விளையாட்டை ஜெகதீசன் வாங்கிய நாளிலிருந்து, அவன் மனைவி வசுமதி கீரை ஆய்வதைக்கூட டிவி முன்னால்தான் வைத்துக்கொண்டாள். அவன் யாரை எப்படிச் சுடுகிறான் என்பதில்தான் அவள் கண்.

இன்றைக்கும் கூட்டம் கூட்டமாக ஓடி வந்தார்கள். மேனேஜரைத் தேடிப் பிடித்துச் சுட்டான். கூடப்பிறந்த தம்பியைக்கூட விடவில்லை. வசுமதியே ஏழு பேராக வந்தாள்; ஏழு பேரையும் கண் இமைக்காமல் சாய்த்தான்.

"பொண்டாட்டின்னுகூடப் பாக்கல," என்றாள்.

"விளையாட்டுதானே வசு. முகத்தையெல்லாம் யாரு பாக்குறா?"

அடுத்து வந்த கூட்டத்தில் மூன்றாம் மாடி பிருந்தாவின் முகம் இருந்தது. அது இவர் கைப்பேசிக்குள் எப்படிப் போனது என்று வசுமதி யோசிப்பதற்குள், பிருந்தா கோடரியோடு நேராக அவனை நெருங்கிவிட்டாள். ஜெகதீசனின் விரல் அசையவில்லை. ஒரே வெட்டு. திரை சிவந்து ஆட்டம் முடிந்தது.

வசுமதி கீரைத் தட்டை ஓரமாக வைத்தாள்.

"அவள ஏங்க சுடல?"

"தோட்டா தீந்துருச்சு."

அவள் திரையின் மூலையைப் பார்த்தாள். மீதித் தோட்டாக்கள் நானூற்றுப் பன்னிரண்டு என்று அங்கே இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.