தினமும் பதினைந்தாயிரம் அடி

அலுவலக நடைப் போட்டியில் அவள் கணவனுக்குத்தான் முதல் பரிசு. நிறுவனம் கொடுத்த கைக்கடிகாரத்தின் கணக்குப்படி, மூன்று மாதமாகத் தினமும் பதினைந்தாயிரம் அடி!

மேடைக்கு நான்கே படிகள். ஏறுவதற்குள் முப்பத்தொரு வயது வீரனுக்கு மூச்சு வாங்கியது.

"பாருங்க, சந்தோஷத்துல மனுஷனுக்குப் பேச்சே வரல!" என்றார் மேலாளர். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

மைக் கைக்கு வந்ததும் அவன் அளக்க ஆரம்பித்தான். "விடியறதுக்குள்ள எழுந்துடுவேன். எண்ணெய்ப் பலகாரம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். சிகரெட்டா? அந்த வாடையே எனக்கு ஆகாது."

காலையில் அவன் சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து ஒளித்துவைத்தவள் அவள்தான்.

"நாளைக்கு எல்லாருக்கும் இதயப் பரிசோதனை இருக்கு. ஆனா சாருக்கு எதுக்கு அது? குதிரை மாதிரி இருக்கார்!" என்றார் மேலாளர்.

"என் பேரை அடிச்சிடுங்க சார். யாராவது நோஞ்சானுக்குக் கொடுங்க" என்றான் பெருந்தன்மையாக.

வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கியவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். முகமெல்லாம் வியர்வை.

"நெஞ்சை என்னமோ பண்ணுதுடி. இடது கை வேற வலிக்குது. இந்த வாட்சைக் கழட்டேன்."

அவள் கடிகாரத்தைக் கழற்றிய சத்தம் கேட்டதும் தோட்டத்திலிருந்து நாய் பாய்ந்து வந்தது. மூன்று மாதப் பழக்கம். அவள் எதிரில் உட்கார்ந்து, கடிகாரத்தைக் கட்டச்சொல்லிக் கழுத்தை நீட்டியது.

"நடக்கறதுக்கு இதை அனுப்பிட்டீங்க" என்றாள் அவள், கார் கதவைத் திறந்தபடி. "ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் வந்தாகணும். ஏறுங்க!"