கட்டிலில் இன்னொருவன்

“டிரசர் ஐயா, என் கட்டில்ல யாரோ படுத்திருக்கான். எழுப்பி அனுப்புங்க.”

மலாயாவில் கோத்தா திங்கிக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அய்யாவு சொன்னது இதுதான். முந்தின நாள் ஆற்றுத் துறையில் ரப்பர் ஷீட்டுக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தவர், தன் மாட்டு வண்டிக்கு அருகிலேயே சரிந்து விழுந்திருந்தார்.

நோயாளிகளைக் கவனிக்கும் டிரசர் லூயிஸ் மருந்துத் தட்டை வைத்துவிட்டு வந்தார். “யாரு பெரியவரே?”

“தெரியலீங்க. என் வயித்து மேல கையப் போட்டுக்கிட்டுத் தூங்குறான். தள்ளினாலும் எடுக்க மாட்டேங்குறான்.” அய்யாவு வலது கையால் அந்தக் கையைத் தடவிப் பார்த்தார். “கயிறு பிடிச்சுக் காய்ச்சுப்போன கை. இவனும் நம்மள மாதிரி வண்டிக்காரன்தான் போல.”

லூயிஸ் போர்வையை விலக்கினார். அந்தக் கையை மெல்ல உயர்த்தி, விரலிலிருந்து தோள்வரை அய்யாவுக்குத் தெரியும்படி காட்டினார்.

“இது உங்க இடது கை.”

அய்யாவு தோளையும் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்களுக்குப் பாரிசவாயு வந்திருக்கு. மூளையில வலது பக்கம் ரத்தம் போற குழாய் அடைச்சுக்கிச்சு. இடது கையையும் காலையும் ஆட்டி வைக்கிறது அந்தப் பக்கம்தான். அதனாலதான் கை அசையல. அது உங்க கைன்னே உங்களுக்குத் தோணல.”

“சரியாயிடுங்களா?”

“கொஞ்சம் கொஞ்சமா வரலாம். வராமலும் போகலாம்.” லூயிஸ் அந்தக் கையை மெல்லக் கீழே வைத்தார். “லயத்துல யாருக்குச் சொல்லி விடணும்? இனிமே பார்த்துக்க ஆள் வேணுமே.”

அய்யாவு கூரையைப் பார்த்தார். 1912இல் தோட்டத்துக்குக் காடு வெட்டியபோது காய்ச்சலில் மனைவி வெள்ளையம்மா போய்விட்டாள். அதன்பின் பதினாறு வருடமாகக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையில் அவர் ஒருவர்தான்.

“யாரும் இல்லீங்க. மாட்டுக்கு மட்டும் தண்ணி காட்டச் சொல்லுங்க.”

லூயிஸ் தலையசைத்தார். “இந்தக் கை தொந்தரவா இருந்தா துணியில கட்டி ஓரமா ஒதுக்கி வைக்கிறேன்” என்று அதைத் தூக்கப் போனார்.

அய்யாவு வலது கையால் அதை இறுகப் பற்றிக்கொண்டார்.

“வேணாங்க. துணைக்கு இருக்கட்டும்.”