நீலச் சட்டை போட்ட பழைய செல்

பழைய மடிக்கணினிக்குள் காலம் தள்ளிய பேட்டரி செல் ஒன்றுக்கு, மின்சார சைக்கிளின் பேட்டரிப் பெட்டியில் இடம் கிடைத்தது. மேலே புது நீல பிளாஸ்டிக் உறையைச் சட்டையாகப் போட்டதும் அதற்குத் தலைகால் புரியவில்லை.

"இந்த வண்டிய நான் ஒருத்தனே இழுப்பேன்!"

"அண்ணே, நம்மள்ல ஒருத்தர் துவண்டாலும் பெட்டியக் காவல் காக்குற சர்க்யூட் போர்டு எல்லாரையும் நிறுத்திடும். துவண்டவரக் கழற்றி வீசிடுவாங்க," என்றது பக்கத்துப் புதுச் செல்.

"என்னையா? போடா!"

பாலத்து மேட்டில் பழசுக்கு மூச்சு முட்டியது. வண்டி நின்றது. வண்டியை ஓட்டி வந்த பூங்கோதை முனகிக்கொண்டே இறங்கித் தள்ளினாள். சுமை போனதும் பழசுக்குத் தெம்பு திரும்பிவிட்டது.

"அண்ணே, வீட்டுக்குப் போனதும் யாரக் கழற்றுவாங்களோ?"

பழசுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. "என்னத்தான்டா. ஆனா இப்பப் பாரு, எனக்கு ஒரு குறையுமில்ல. வேலைதான் ஒத்துக்க மாட்டேங்குது."