பெரிய வெள்ளியன்று ஒரு கொத்து ரொட்டி

“பெற்றீசியாக்கா, ஒங்க மகன் ஹட்டன்ல கொத்து ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கான். அதுவும் மாட்டுக் கொத்து.”

பக்கத்து வீட்டு மெரினா மூச்சிரைக்கச் சொன்னபோது, பெற்றீசியா சிலுவைப்பாதைக்குப் போக வெள்ளைச் சேலையை உதறிக்கொண்டிருந்தாள்.

“யாரப் பார்த்துட்டு யாருன்னு சொல்ற? இன்னைக்குப் பெரிய வெள்ளி.”

“என் ரெண்டு கண்ணால பார்த்தேங்கா. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில. சோடாப் போத்தல் வேற ரெண்டு.”

பெற்றீசியா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

தவக்காலம் பிறந்ததிலிருந்து மேர்வின் ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. காலையில் பாலில்லாத வெறும் சாயத் தண்ணி, பகலில் அரை ரொட்டி. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. ஃபாதர் பூசையில் பேரைச் சொல்லியே பேசினார்: “நம்ம மேர்வினப் பாருங்க. ஒருசந்தி நோன்புன்னா அதுதான்.” இன்று பிற்பகல் சிலுவை சுமக்கவும் அவனைத்தான் தெரிந்தெடுத்திருந்தார்கள்.

மேர்வின் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான். சட்டையெல்லாம் கொத்து வாசம்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேம்மா.”

“சிலுவை தூக்கப் போறவன் செய்ற காரியமாடா இது?”

“நான் தூக்கலம்மா. காலையிலேயே ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். சிறில் அண்ணன் தூக்குறாங்க.”

“நாப்பது நாள் இருந்தவனுக்கு இன்னும் ஒரு நாள் இருக்க முடியலியா?”

அவன் தலை குனிந்துகொண்டான். “அது சாமிக்கு இருந்ததில்லம்மா. தராசுக்கு இருந்தது.”



மேர்வின் குதிரைப் பந்தய ஜொக்கி. ஒரு காலத்தில் நுவரெலியாவில் பெரிய கோப்பையைத் தூக்கியவன். அவன் படத்தைத் தோட்டத்து லயன் வீட்டுச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருந்தார்கள். அடுத்த சீசனிலேயே குதிரை இடறித் தோள் எலும்பு முறிந்தது. அப்புறம் அவனை நம்பி யாரும் குதிரை கொடுக்கவில்லை. லாயத்தில் சாணி அள்ளிக்கொண்டு கிடந்தான். இந்தச் சித்திரையில்தான் முதலாளி மனமிரங்கி நல்ல குதிரையாகக் கொடுத்திருந்தார்.

நாளைக்கு ஓட்டம். ஏறுமுன் சேணத்தோடு தராசில் நிற்க வேண்டும். எடை மிஞ்சினால் ஆளை மாற்றிவிடுவார்கள்.

“அப்ப சாமிக்கும் இல்லாம, தராசுக்கும் இல்லாம…”

“சோறு இருக்காம்மா? இன்னும் கொஞ்சம் சாப்பிடணும்.”

அவள் தன் காதையே நம்பவில்லை. பானையை அவன் முன்னால் வைத்துவிட்டு, அழுதுகொண்டே கோயிலுக்குப் போனாள். சிறில் சிலுவையோடு நடந்ததைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் தராசு மேர்வினை விடவில்லை. அவனுக்குப் பதில் கிஷாந்த் ஏறினான். அந்த லாயத்தில் இருந்த இன்னொரு ஜொக்கி அவன்தான். இரண்டாவதாக வந்தான்.

“வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு இனி என் லாயத்துல வேலையில்ல.” முதலாளி சொன்ன வார்த்தை, மேர்வின் வந்து சேருமுன்னே அவர்கள் ஊரான டிக்கோயாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா ஞாயிறன்றும் பெற்றீசியா மகனுக்கு முகம் கொடுக்கவில்லை. பூசை முடிந்து வரும்போது மெரினா, “விடுங்கக்கா, ஒங்க வளர்ப்புல குத்தமில்ல. அவன் நாக்கு அப்படி” என்று ஆறுதல் சொல்வதுபோல் குத்தினாள்.

பிற்பகல் கிஷாந்த் கேக் பெட்டியோடு வாசலில் நின்றான். நெற்றியில் விபூதி.

“அண்ணே இல்லிங்களாம்மா?”

“உள்ள படுத்திருக்கான். தின்ன களைப்பு.”

கிஷாந்த் சிரிக்கவில்லை.

“வியாழக்கிழமை சாயந்தரம் லாயத்துல அழுதுக்கிட்டு இருந்தேம்மா. போன வருசம் விழுந்ததிலிருந்து எனக்கு ஒரு ஓட்டமும் இல்ல. இந்த வாரத்தோட போயிருன்னு முதலாளி சொல்லிட்டாரு. வீட்டுல அவ மாசமா இருக்கா. அண்ணே வந்து, ‘நாளன்னைக்கு எனக்குப் பதிலா நீ ஏறு’ன்னாங்க.”

“எவன் சொன்னான்? மேர்வினா?”

“ஆமாம்மா. நான் ஒத்துக்கல. இத்தனை வருசம் கழிச்சு அண்ணனுக்கு வந்த குதிரை. ‘நீங்க ஏற முடியாமப் போனாத்தான் தொடுவேன், என் புள்ள மேல சத்தியம்’னு சொல்லிட்டேன்.”

கேக் பெட்டியை வாசற்படியில் வைத்தான்.

“தராசுல ரெண்டு கிலோ கூட. முதலாளி கண்டபடி ஏசுறாரு. அண்ணே என்னையப் பார்த்துச் சிரிக்கிறாங்கம்மா.”

பெற்றீசியா உள்ளே திரும்பினாள். மேர்வின் தூங்கவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

“பசிச்சுதும்மா, சாப்பிட்டேன். அவன் பேச்ச விடுங்க.”

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவன் தோளில், எலும்பு முறிந்து மேடிட்டிருந்த இடத்தில், மெல்லக் கை வைத்தாள்.

பெரிய வெள்ளியன்று சிறில்தான் சிலுவை சுமந்தான் என்று அதுவரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.