கோலே விடாத நாள்

"இன்னிக்கு ஒரு கோல்கூட விடமாட்டேன். இது சத்தியம்."

வாசுவின் படத்துக்கு முன்னால் நின்று நான் இதைச் சொன்னதும் பின்னால் யாரோ இருமினார்கள். எங்கள் கேப்டன் பழனியப்பன் என் தோளைத் தொட்டார்.

"பக்கிரி, செத்துப்போன பையன் மேல பொய்ச் சத்தியம் பண்ணாதே லா. பாவம் வந்து சேரும்."

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கால்பந்துக் குழுவுக்கு நான் கோல் காக்க ஆரம்பித்த நாளிலிருந்து எதிராளிகள் எங்களிடம் மிகவும் பிரியமாக இருந்தார்கள். சண்டையில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்தபிறகு அந்த எதிராளிகளும் குறைந்துபோனார்கள். சயாமுக்கு ரயில் பாதை போட ஆட்களை அள்ளிக்கொண்டு போனதில் மற்ற குழுக்கள் கலைந்துவிட, எங்களோடு ஆட மிஞ்சியது கிள்ளான் குழு ஒன்றுதான். ஞாயிறுதோறும் அவர்கள் அடிப்பார்கள், நான் பின்னால் போய்ப் பந்தைப் பொறுக்கி வருவேன்.

அப்படிப்பட்ட எனக்கும் ஒரு ரசிகன் இருந்தான். பத்தொன்பது வயது வாசு. முழங்காலில் எலும்புப் புற்று வந்து, இடது காலையே எடுத்துவிட்டார்கள். வைத்தியத்துக்காக எங்கள் தெருவில் மாமா வீட்டில் தங்கியிருந்தான். சொந்த ஊர் எது என்று நான் கேட்டதில்லை. ரசிகனிடம் போய் யாராவது ஊர் விசாரிப்பார்களா?

கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து என் கோலுக்குப் பின்னால் உட்காருவான். பாதி ஆட்டத்தில் நாங்கள் பக்கம் மாறினால் அவனும் எழுந்திருப்பான். திடலைச் சுற்றி, வேர்த்து விறுவிறுத்து, மறுபடியும் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்து சேருவான். பெற்ற தாய்கூட எனக்காக அப்படி நடந்ததில்லை.

மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாகிப்போன காலம். தெம்பில்லாமல், ஆட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்ட ஒரு ஞாயிறு, வெறும் திடலில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"வயித்துல ஒண்ணுமில்லடா வாசு. எப்படி ஓடுறது?" என்றார் பழனியப்பன்.

"எனக்குக் காலே இல்ல, நான் வரலையாண்ணே?" என்று சிரித்தான் வாசு. "ஜப்பான்காரன்கூட என்னைக் கண்டா வழி விடுறான். ஒத்தைக் கால்காரனை வச்சு ஒத்தைத் தண்டவாளமா போட முடியும்?"

வெட்கத்தில் எழுந்து ஆடினோம். நாங்கள் மட்டுமா? புருஷனைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டுப் பாயை விட்டு எழாமல் கிடந்த தங்கமணி அக்காவும், "அந்தப் பையனே நடக்கிறான், எனக்கென்ன கேடு" என்று எழுந்து கொல்லையில் கிழங்கு நட்டாள்.

ஒருமுறை பழனியப்பன் என்னைத் தூக்கிவிட்டு வேறு ஆளை நிறுத்தப் பார்த்தார். வாசு பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பக்கிரி அண்ணனை மட்டும் மாத்திடாதீங்க." நான் அழுதே விட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதைத்தான் சொன்னான். "நீங்க கோல்ல நிக்கிறதை விட்டுடாதீங்கண்ணே. அங்க உட்கார்ந்து பார்த்தாத்தான் எனக்கு வலி மறக்கும்."

நான் சத்தியம் செய்த அந்த ஆட்டம் அவன் நினைவாகத்தான் நடந்தது. கிள்ளான்காரர்கள் ரயிலேறி, கையில் மாலையோடு வந்திருந்தார்கள். வாசுவின் அம்மா இராஜம்மா, எல்லாருக்குமாக அவித்த கிழங்கைக் கூடையில் வைத்துக்கொண்டு திடலோரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. கிள்ளானின் மைதீன் அடித்த பந்து ஒன்று என் நெஞ்சில் பட்டது, ஒன்று முட்டியில் பட்டது, ஒன்று மூக்கிலேயே பட்டது. எல்லாம் நான் தெரிந்து தடுத்தவை என்று ஊர் நம்பியது. கொஞ்ச நேரத்தில் நானும் நம்பினேன். எங்கள் ஆட்களும் எப்படியோ ஒரு கோல் போட்டுவிட்டார்கள்.

கடைசி நிமிடத்தில் கிள்ளானுக்குப் பெனால்டி கிடைத்தது. மைதீன் ஓடி வந்தான். பசி மயக்கத்தில் நான் வலது பக்கம் சாய்ந்தேன். பந்தும் அந்தப் பக்கமே வந்து என் வயிற்றில் அடங்கியது.

விசில் ஊதியதும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பழனியப்பன் என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார். மைதீன் மட்டும் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். ஒரு பெனால்டிக்குப் போய் இவ்வளவு அழுகையா என்று நினைத்துக்கொண்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி இராஜம்மாவிடம் போனேன்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேம்மா. இதைப் பார்க்க வாசு இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து என் கையில் வைத்தார்.

"உங்ககிட்ட சண்டைக்கு வந்திருப்பான் தம்பி. அவன் பொறந்து வளர்ந்தது கிள்ளான்ல. அந்த டீமுன்னா அவனுக்கு உசிரு. இன்னிக்கு அவனுக்காக ஜெயிச்சுக் காட்டணும்னுதான் மைதீன் வந்தான்."

கிழங்கு கையிலேயே இருந்தது.

"அப்புறம் ஏம்மா, அந்த வலியோட, திடலைச் சுத்திச் சுத்தி என் பின்னாலயே வந்து உட்கார்ந்தான்?"

சொல்லலாமா வேண்டாமா என்று இராஜம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"கோல் எல்லாம் அங்கதானே தம்பி விழும்."