முடியாத துணி

"மூணாவது தடவையும் என் பொண்ணுக்கு சைபரா? நீங்க பாடம் நடத்துறீங்களா, இல்ல முட்டை போட்டுப் பழகுறீங்களா?"

பழைய கதவு வியாபாரி ஆசிரியர் அறைக்குள் நுழைந்த வேகத்தில் ஓரமாகக் கிடந்த நாற்காலி சுவரில் போய் இடித்தது. இடிக்கிற வீடுகளில் கதவு, ஜன்னல் வாங்கி விற்றே முன்னுக்கு வந்த மனுஷன். அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. அவர் கோபத்துக்கு முன்னால் நின்றவரும் கிடையாது.

இலக்கிய டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "நாளைக்குத்தான் முடிவு ஒட்டறோம். அதுக்கு முன்னாடி பேசலாம்னுதான் வரச் சொன்னேன். உட்காருங்க."

உட்காரும்போதே மேசையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். தொழில் புத்தி. உள்ளே அரித்திருந்தது.

"மத்த பாடமெல்லாம் தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு. உங்க பாடத்துல மட்டும் சைபர். அப்ப கோளாறு யார்கிட்ட?"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"அப்படி என்ன பெரிய பாடம்? எந்தக் காலத்துலயோ ஒரு கிரேக்க ராஜா சண்டைக்குப் போனானாம். திரும்பி வர வழி தெரியாம பத்து வருஷம் கடல்ல சுத்தினானாம். அதுக்கு ஒரு காவியம்! அதுல வாழ்க்கைப் பாடம் கண்டுபிடிச்சு எழுதணுமாம். வழி தெரியலன்னா நாலு பேரைக் கேளு. அவ்வளவுதான் பாடம்!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

வியாபாரியின் குரல் சட்டென்று இறங்கியது.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன் டீச்சர். வீட்டுல அவ அம்மா படுத்த படுக்கை. ஒரு மாசம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லி எட்டு மாசம் ஆச்சு. 'பொண்ணு பாஸாயிட்டான்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், நிம்மதியா கண்ணை மூடிடுவேன்'னு உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கா. அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு வலி தாங்கறதைப் பார்க்க முடியல. முப்பத்தஞ்சு போடுங்க, போதும். நிம்மதியா போய்ச் சேரட்டும்."

டீச்சர் கேட்டார்:

"அம்மா இப்படிச் சொல்றது உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? வேளைக்கு மருந்து குடுக்கிறதே அவதானே. அவ கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தினம் சொல்லுவா."

டீச்சர் கட்டுக்குள் இருந்து ஒரு விடைத்தாளை உருவி அவர் முன்னால் விரித்தார்.

பதினாறு பக்கம். முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு.

"மூணு தடவையும் இதே கதைதான். முழுசா எழுதறா. கடைசிப் பத்து நிமிஷத்துல தானே எல்லாத்தையும் அடிச்சுடறா. அடிச்ச விடைக்கு மார்க் கிடையாதுங்கறது விதி. திமிருன்னுதான் நினைச்சேன். இப்ப நீங்க சொன்ன பிறகுதான்..."

"பிறகுதான்?"

"கடைசிக் கேள்வியைக் கேளுங்க. ராஜா இனிமே வர மாட்டான்னு ஒரு கூட்டம் ராணியை நெருக்குது, எங்கள்ல ஒருத்தனைக் கட்டிக்கோன்னு. 'வயசான மாமனாருக்குப் போர்த்தச் சாவுத்துணி நெய்யறேன், அது முடியட்டும்'ங்கறா. பகல்ல நெய்வா, ராத்திரி பிரிச்சுடுவா. மூணு வருஷம் அந்தத் துணி முடியவே இல்ல. இதுல நீ கத்துக்கிட்டது என்னன்னு கேட்டிருந்தேன். வகுப்புல நான் சொல்லிக் குடுத்தது பொறுமைன்னு."

"என் பொண்ணு என்ன எழுதியிருக்கா?"

கோட்டுக்கு அடியில் இருந்ததை டீச்சர் மெதுவாக வாசித்தார்.

"'அவள் நெய்தது சாவுத்துணி. அது முடியாதவரை அந்தப் பெரியவர் சாகவில்லை.'"

கதவு வியாபாரிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன பரீட்சை முடிவு வந்த அன்று, "இந்தத் தடவையும் போச்சும்மா. அடுத்த பரீட்சை வரைக்கும் இரும்மா" என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள் மகள். சிரிப்பு வேறயா என்று ஓங்கி ஓர் அறை விட்டிருந்தார்.

அந்தக் கையை மடியில் ஒளித்துக்கொண்டார்.

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "விதி கிடக்கட்டும். அடிச்சதையும் கூட்டினா எண்பத்தொண்ணு வருது. தலைமையாசிரியர்கிட்ட நான் பேசிக்கறேன். உங்க வீட்டம்மா இன்னும் வலியில கிடக்க வேணாம். போட்டுடட்டுமா?"

பேனா தாளைத் தொடுவதற்குள் அவர் கை குறுக்கே வந்து விழுந்தது.

"வேணாம் டீச்சர், சைபரே இருக்கட்டும்." முப்பது வருஷமாகப் பேரம் பேசிய குரல் உடைந்துபோயிருந்தது. "அடுத்த பரீட்சையை... கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?"